நாலு விரல் இறங்கிய கண்ணாடி

மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. வயசான கார். சாம்பல் நிறத்தைப் புதுசாக அடித்து இளமையாக்கப் பார்த்திருந்தார்கள், ஆனால் கதவைச் சாத்திய சத்தமே அதன் வயசைச் சொல்லிவிட்டது. இறங்கியவர் ஒரு டீச்சர்.

"கண்ணாடிக்காரர்னு சொன்னாங்களே, நீங்கதானா?"

"நான்தாம்மா. என்ன தொந்தரவு?"

கார்க் கண்ணாடியைத் தவிர வேறு வேலையைக் கையால் தொடாதவர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். டீச்சர் டிரைவர் பக்கக் கதவைக் காட்டினார்.

"நான் வாங்கினதுலேருந்து இந்தப் பவர் விண்டோ இறங்கினதே இல்லைங்க. சுவிட்ச் அமுக்கினா உறுமும், அவ்வளவுதான். போகட்டும்னு விட்டுட்டேன். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்ததுக்கப்புறம் தானா இறங்க ஆரம்பிச்சிருக்கு. முன்பக்க ஓரம் மட்டும் கோணலா, நாலு விரல் அளவுக்கு."

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். ஆமாம், கண்ணாடி முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, சாய்ந்து நின்றது.

"மேல ஏத்தினா ஏறுதா?"

"ஏறுது. பூட்டிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தா மறுபடி நாலு விரல் இறங்கியிருக்கு. அதைவிடக் கொடுமை, சீட்டு நனைஞ்சு கிடக்கு. மழையே இல்லாத அன்னிக்கும்."

"கதவுக்குள்ள தண்ணி தேங்கி நிக்கும்மா. சாயந்திரம் வாங்க, சரியாயிடும்" என்றார். டீச்சர் போனதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற அவருக்குக் கண் தேவையில்லை. திருகுகளை எடுத்து, ஓரத்தில் நெம்பினார். அட்டை பிரிந்ததும் கால்மேல் சளாரென்று தண்ணீர் கொட்டியது. ஒரு வாளிக்குக் குறையாது. பச்சைப் பாசி நாற்றம் மூக்கில் ஏறியது.

ஏரித் தண்ணீர்.

அந்த நாற்றத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஏரிக்கரையில், வெள்ளைத் துணியை விலக்கி மனைவியின் முகத்தைக் காட்டியபோது வந்த அதே நாற்றம்.

'சீ, என்ன நினைப்பு இது' என்று தன்னையே திட்டிக்கொண்டு டார்ச்சை எடுத்தார். கதவின் வயிற்றுக்குள் வெளிச்சம் போனது. கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டர், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், துரு. அந்தத் துருவுக்கு நடுவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

அவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார்.

கண்ணாடியை நேராக்கி முடித்ததும் போல்ட்டின் தலையிலும் தகரத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். யாராவது பிறகு போல்ட்டைத் திருப்பினால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் பெயிண்ட் வைப்பார்கள். அவர் வைத்தது மனைவியின் நகப்பூச்சு, ரத்தச் சிவப்பு. "என் விரலுக்கு வாங்கினதை உங்க கதவுக்குப் பூசித் தீத்துடுறீங்களே" என்று அவள் சண்டை பிடிப்பாள், அடுத்த தடவையும் அதே நிறத்தில் வாங்கி வருவாள். அவள் போன பிறகு அந்தக் குப்பி பட்டறைச் சுவர் மாடத்தில் காய்ந்து கிடந்தது. வேறு வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

இது அவள் கார்.

நிறத்தை மாற்றியிருக்கிறார்கள், சீட்டை மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பதை யார் மாற்றுவார்கள்? ஆனால் இந்தக் காரைப் பழைய இரும்புக் கிடங்கில் நசுக்கிவிட்டார்கள் என்றல்லவா சொன்னான் ஒயர்! "நானே பக்கத்துல நின்னு பார்த்தேன் மாப்ள, இனிமே அது உன் கண்ணுல படாது" என்று தோளைத் தடவிச் சொன்னானே!

ஒயர் என்பவன் அவருடைய கூட்டாளி. கண்ணாடி இவருக்கு, மின்சார வேலை அவனுக்கு, பட்டறை இருவருக்கும். அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லாததால் அவனைத்தான் அண்ணா என்று கூப்பிட்டாள். தினமும் அவள் கையால் சாப்பிட்டவன்.

அவள் இறந்த விதம் ஊருக்கே தெரியும். மழையில் ஏரிச் சாலையில் கார் வழுக்கி, தண்ணீரில் இறங்கி, இடது பக்கமாகச் சேற்றில் சாய்ந்தது. மேலே இருந்தது டிரைவர் பக்கக் கண்ணாடி ஒன்றுதான். கரையில் நின்றவர்கள் அவள் இரண்டு கையாலும் அதைத் தள்ளுவதைப் பார்த்தார்கள். அது இறங்கவில்லை. அந்தக் கண்ணாடியை அதற்கு முந்தின வாரம் கழற்றி மாட்டியவர் இவர். கட்டிய புருஷனே ஒழுங்காக மாட்டவில்லை என்று ஊர் பேசியது. சாவு வீட்டுக்குப் பிறகு மகள் பேசவே இல்லை. பெரியம்மா வீட்டுக்குப் போனவள், இவர் போனை எடுப்பதையும் விட்டுவிட்டாள். ஒயர் மாமா போனால் மட்டும் உட்கார வைத்துப் பேசுவாள். தன் கைதான் மனைவியைக் கொன்றது என்று இவரும் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையோடுதான் தினமும் பட்டறையைத் திறந்தார்.

டார்ச்சை மறுபடி எடுத்தார். வெளிச்சத்தைப் போல்ட்டுகள்மேல் அடித்தார்.

சிவப்புக் கோடு உடைந்திருந்தது.

ஒரு போல்ட்டில் இல்லை, எல்லாவற்றிலும். இவருக்குப் பிறகு யாரோ இந்தக் கதவைத் திறந்திருக்கிறார்கள். கண்ணாடியின் பின் ஓரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே கறுப்பாக எதையோ செருகியிருந்தது. அதுதான் பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்திருந்தது. கையை உள்ளே விட்டு இழுத்தார். ஊறி உப்பிப்போய் அசைய மறுத்தது.

உள்ளே எங்கேயோ தகரத்தில் நகம் தட்டும் சத்தம் கேட்டது.

டக். டக்.

கையை வெளியே எடுக்கப் பார்த்தார். முடியவில்லை. குளிர்ந்த விரல்கள் அவர் விரல்களைத் தொட்டன. இறுக்கவில்லை, மெல்லப் பிரித்தன. அத்தனை நேரம் அசையாத அந்தப் பொருள் அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, யாரோ எடுத்துக் கொடுத்ததைப் போல.

வெளிச்சத்தில் பார்த்தார். பழைய டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு. மேலே கறுப்பு டேப் சுற்றி, டேப்பின் முனையைச் சின்னக் காது மாதிரி மடித்துவிட்டிருந்தது. பிறகு உரிக்க வசதியாக இருக்குமாம். உலகத்தில் டேப்பை அப்படி மடிப்பவன் ஒருத்தன்தான் உண்டு. பட்டறை முழுக்க, ஒவ்வொரு ஒயரிலும் அந்தக் காது தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது தலையைத் துடைத்துக்கொண்டே ஒயர் உள்ளே வந்தான். "என்னா மழை மாப்ள, கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. இது யாரு வண்டி?"

கண்ணாடிக்காரர் ரப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "டீச்சரோடது. கண்ணாடி கோணல். உள்ள உட்கார்ந்து சுவிட்ச் அமுக்கு."

கண்ணாடியை நேராக்குவது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் உள்ளே சுவிட்சில் விரல் வைக்க, இன்னொருவர் வெளியே நின்று இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியைப் பிடித்து 'ம்' சொல்ல வேண்டும். பட்டறை தொடங்கிய காலத்தில் அவள் உள்ளே உட்காருவாள். பிறகு ஒயர்.

ஒயர் கதவு வரை வந்தான். நாற்றம் எட்டியிருக்க வேண்டும். கொட்டிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தான், பிரித்த கதவைப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது.

"எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு மாப்ள. நாளைக்குப் பார்ப்போம்."

"உட்காருடா."

"வேணாம். இந்த வண்டியில நான் உட்கார மாட்டேன்."

"ஏன்? வண்டியை உனக்குத் தெரியுமா?"

ஒயர் வாசல் பக்கம் திரும்பினான். கண்ணாடிக்காரர் கையை முன்னால் நீட்டி விரித்தார். டேப்பின் காதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஒயர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நீ வெளியூர் போயிருந்தே. தங்கச்சி வந்து, 'அண்ணா, கண்ணாடி சரிஞ்சு சரிஞ்சு விழுது, மழை வேற வருது'ன்னுச்சு. உன் வேலை சரியாத்தான் இருந்துச்சு. கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற கிளிப்பு உடைஞ்சுபோச்சு, அவ்வளவுதான். எனக்கு வேற வண்டி காத்துக்கிட்டிருந்துச்சு. இந்த ரப்பரை ஆப்பா வச்சு நிறுத்தினேன். நீ வர்ற வரைக்கும் இறக்கிடாதேம்மான்னு சொல்லணும்னுதான் நெனச்சேன்..."

"சொன்னியா?"

"மறந்துட்டேன் மாப்ள."

மறந்துட்டானாம்! கண்ணாடிக்காரர் ரப்பரை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "சாவு வீட்டுல என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதியே! என் பொண்ணு என் மூஞ்சிக்கு நேரா 'நீங்கதான் கொன்னீங்க'ன்னு சொன்னப்போ பக்கத்துல நின்னியே! அப்பவுமா மறந்துட்டே?"

"பயம்டா. வண்டியை நசுக்கலை, தூரத்துல வித்துட்டேன். அப்புறம் சொல்லலாம் அப்புறம் சொல்லலாம்னு நாள் ஓடிப்போச்சு. உனக்கும் பழகிப்போச்சுன்னு..."

"பழகிப்போச்சா?"

அடிக்க ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அவனை அடித்து என்ன ஆகப்போகிறது? இவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "என் பொண்ணுகிட்டப் போ. என் போனை அவ எடுக்க மாட்டா. நீ சொன்னாத்தான் நம்புவா. உன் வாயால சொல்லு."

"சத்தியமா சொல்றேன். அதைக் கொடு, கையில காட்டிச் சொன்னாத்தான் எடுபடும்."

இத்தனைக்குப் பிறகும் அவர் கொடுத்தார். இத்தனை வருஷம் எதைக் கேட்டாலும் யோசிக்காமல் கொடுத்துப் பழகிய கை அது. ஒயர் ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மழையிலேயே தன் காரை எடுத்துக்கொண்டு போனான்.

அழுது முடித்த பிறகு கண்ணாடிக்காரர் வேலையைத் தொடர்ந்தார். அவள் கண்ணாடி, அதை அரைகுறையாக விட முடியுமா? புதுக் கிளிப்பு போட்டார், போல்ட்டுகளைத் தளர்த்தினார். வெளியே வந்து இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் பதித்தார். உள்ளே ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பழக்கத்தில் வாய் தானாக "ம்" என்றது.

மோட்டார் உறுமியது.

கண்ணாடி ஏறியது. கோணல் இல்லாமல், வழுக்கிக்கொண்டு, நேராக. உள்பக்கத்திலிருந்து அவர் கைகளுக்கு எதிரே இரண்டு உள்ளங்கைகள் ஈரமாகப் பதிந்தன. அவருடையதைவிடச் சின்னவை. அவர் கையை எடுக்கவில்லை.

"நான் இல்லம்மா" என்றார் கிசுகிசுப்பாக. "உனக்குத் தெரியும்ல?"

கண்ணாடி மெதுவாக இறங்கியது. நாலு விரலோடு நிற்காமல் அடி வரைக்கும். ஈரக் காற்று ஒன்று அவர் காதை உரசிக்கொண்டு வெளியே போனது. குனிந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார். உலர்ந்து கிடந்தது.

போல்ட்டுகளை முறுக்கினார். கோடு இழுக்க வேண்டும் என்று தோன்றியது. காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு சொட்டாவது வராதா என்று மாடத்தில் கை விட்டார்.

குப்பி இல்லை.

போன் அடித்தது. மகள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. "அம்மா... சொல்லும்மா..." என்றார்.

"ஒயர் மாமா வந்திருந்தார்." குரல் கத்தி மாதிரி இருந்தது. "எல்லாத்தையும் சொன்னார். அந்த ரப்பரையும் காட்டினார். அம்மா வண்டியில அதை நீங்கதான் வச்சீங்களாம். இன்னிக்கு அவர்கிட்ட ஒத்துக்கிட்டீங்களாம். என்கிட்ட நேர்ல சொல்லக்கூடவா தைரியம் இல்லை? அவரை அனுப்புறீங்க?"

பாவி. சத்தியம் பண்ணிவிட்டுப் போனவன். என் கையிலிருந்து வாங்கி என் கழுத்திலேயே வைத்துவிட்டானே!

"வாயைத் திறந்து பேசுங்க. இல்ல... இருங்க." மகளின் குரல் தடுமாறியது. "மாமா கார் வாசல்லயே நிக்குது. போறேன்னு சொல்லிட்டு எவ்வளவு நேரமாச்சு. ஏன் கண்ணாடியைத் தட்டுறார்?"

"யாரு தட்டுறா?"

"மாமாதான். உள்ளேருந்து." செருப்புச் சத்தம், படி இறங்கும் சத்தம், மழை. "அய்யய்யோ, காருக்குள்ள தண்ணி! கழுத்து வரைக்கும் நிக்குது! வெளிய ஒரு சொட்டுக்கூட வரலை. கதவு திறக்க மாட்டேங்குது!"

சும்மா இரு என்றது மனசு. மூன்று வருஷத்தில் ஒருநாளாவது அவன் உன்னைப் பார்த்து இரக்கப்பட்டானா? ஒரு மூச்சு விடும் நேரம் கண்ணாடிக்காரர் சும்மாதான் இருந்தார். அப்புறம் தொழில் பேசியது.

"ரெண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில அழுத்திப் பதி. அப்படியே கீழ இழு. விடாதே."

போனை எங்கேயோ வைக்கும் சத்தம். மழைச் சத்தம். தூரத்தில் அவள் மூச்சு.

"இறங்குது! நாலு விரல் இறங்கிடுச்சு!"

"இன்னும் இழு."

"வரலை. யாரோ உள்ளேருந்து விளிம்பைப் பிடிச்சிருக்காங்க."

"அவன் கையை எடுக்கச் சொல்லு!"

"அவர் கை இல்ல. அவர் ரெண்டு கையாலயும் முன் கண்ணாடியை அடிச்சிக்கிட்டிருக்கார்."

பிறகு மழையும் தட்டும் சத்தமும் மட்டும் கேட்டன. கண்ணாடியை அவன் அடிப்பது வரவரக் குறைந்து, நின்றேபோனது. கடைசியில் மகள் பேசியபோது, அவள் சின்ன வயசில் இருட்டைப் பார்த்துப் பயந்தால் வருகிற குரல் வந்தது.

"அப்பா..."

"சொல்லு கண்ணு."

"அந்த விரல்ல சிவப்பு நகப்பூச்சு போட்டிருக்குப்பா. இன்னும் காயலை."