சூடான சுவர்

மாமனாரின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஓரிடம் மட்டும் சூடாக இருந்தது. காலையிலிருந்து பெய்த மழையில் வீட்டின் மற்ற சுவர்களெல்லாம் ஈரம் ஊறிச் சில்லென்று கிடக்க, அந்த இடம் மட்டும் காய்ச்சல்காரனின் நெற்றியைப் போலச் சுட்டது. சிந்துஜா காதை வைத்துக் கேட்டாள். உள்ளே ஏதோ ஓயாமல் முனகியது.

"தெபுவான்தான். வெளியில கூரைக்குக் கீழே விரிசல் இருந்துச்சு, அது வழியா பெரிய பெரிய குளவி போய் வந்துச்சு," என்றான் அவள் கணவன் சஞ்சீவ், சட்டையை மாட்டிக்கொண்டே.

"போம்பாவுக்கு போன் பண்ணுங்க. தீயணைப்புக்காரங்க வந்து கூட்ட எடுத்துடுவாங்க."

"எதுக்கு? விரிசல நேத்தே சிமெண்ட் போட்டு அடைச்சிட்டேன் லா. உள்ளயே செத்துடும்."

"இந்தப் பக்கம் வந்துட்டா? எனக்கு ஒண்ணு கொட்டினாலே..."

"சும்மா பயப்படாதே." ஜுரு தொழிற்பேட்டையில் அவனுக்கு வேலை. கார் கிளம்பிப் போய்விட்டது.

போன வருடம் ஒரே ஒரு குளவி கொட்டி அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு நிற்கப்போன நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் மாமனார் அப்புத்துரை. இப்போது பக்கவாதம் அவரைக் கட்டிலில் போட்டுவிட்டது. கையில்லை, காலில்லை, பேச்சில்லை. கண்கள் மட்டும் அசையும்.

மதியம் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது முனகல் நின்றிருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அதற்குப் பதிலாக, ஈரக் காகிதத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம், சுவரிலிருந்து ஏறித் தலைக்கு மேல் சீலிங் பலகைக்குள் நகர்ந்து, சரியாகக் கட்டிலுக்கு நேரே வந்து நின்றது. பழைய மரமும் புளித்த தேனும் கலந்த ஒரு வாடை வந்தது. கஞ்சிக்குள் தூள் விழுந்தது.

அப்புத்துரையின் கண்கள் மேலே போயின.

பலகையில் ஒரு கறுப்புப் புள்ளி. அது அசைந்தது. தலை. கொடுக்கு. பின்னால் இன்னொன்று.

கிண்ணம் கீழே விழுந்தது. அவள் அறை வாசல்வரை ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தாள்.

இழுக்கலாம். போர்வையோடு இழுத்துவிடலாம். கட்டில் நாலெட்டில்தான்.

பலகை பிய்ந்தது.

அவர் அவளைப் பார்த்தார். அவளை மட்டுமே பார்த்தார்.

"மாமா..."

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். ஈரத் துண்டை அடியில் திணித்தாள். கைகள் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

போம்பாவுக்கு போன் செய்தாள். ரோட்டில் வெள்ளம், தாமதமாகும் என்றார்கள். கதவுக்குப் பின்னால் மழையைவிடப் பெரிய இரைச்சல். மனிதச் சத்தம் எதுவும் வரவில்லை. அவரால் கத்த முடியாது. அவள் கத்தினாள், தன் காதை அடைப்பதற்காக.

வெகுநேரம் கழித்துக் கவச உடை போட்ட இருவர் வந்து அறைக்குள் புகை அடித்தார்கள். இரைச்சல் தணிந்தது. "கிட்ட வராதீங்க, அக்கா," என்றான் ஒருவன். அவள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

தலையணையில் முகமென்று ஒன்று இல்லை. கறுத்து ஊதிய ஒரு திரள்தான் இருந்தது. அதன் நடுவே வாய் திறந்திருந்தது. உதட்டின்மேல் ஒரு குளவி வந்து உட்கார்ந்து, சிறகைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக உள்ளே போனது.

வீங்கிய இமைகளுக்கு இடையே ஒரு கண் மட்டும் கீறலாகத் தெரிந்தது. அது வாசலில் நின்ற அவளைத் தேடிக் கண்டுபிடித்தது.

இமைத்தது.