கரையாத ஊசிகள்

வெந்நீரில் வைத்துக் கரைத்த மானிடால் மருந்து பாட்டிலுக்குள் மறுபடியும் ஊசி ஊசியாக உறைந்திருந்தது. ஏசி அறையில் அது உறைவது புதிதல்ல. சூடு காட்டினால் கரையும், மிச்சம்மீதியை டியூப்பிலுள்ள வடிகட்டி பிடித்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பாட்டில் இன்னும் கைக்குச் சூடாக இருந்தது. சூட்டில் எங்காவது உறையுமா? அக்காள் பாட்டிலை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துக் குலுக்கினாள்.

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளும் டாக்டர், அவள் தங்கையும் டாக்டர். ஒரே சாரம் சரிந்து விழுந்த இரண்டு கொத்தனார்கள் அடுத்தடுத்த கட்டில்களில் மூளை வீங்கிக் கிடந்தார்கள். பெரியவருக்கு அக்காள் மானிடால் ஏற்றினாள். மூளையில் கோத்த நீரை உறிஞ்சிச் சிறுநீராக இறக்கிவிடும் பழைய, கைகண்ட மருந்து. இளையவனுக்குத் தங்கை அடர் உப்புக் கரைசல் ஏற்றினாள். அதுவும் நீரை இழுக்கும், ஆனால் உடம்பை வற்றவிடாது. எது மேல் என்று பார்ப்போம், ஜெயித்தவரே இந்தப் பிரிவுக்குத் தலைமை என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்காகவே தலை நரைத்தவள் அக்காள். தங்கை நேற்று வந்தவள்.

மதியம் தங்கையின் நோயாளி கண் திறந்தான். நர்சுகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்ன வயதிலிருந்தே இதே கதைதான், அக்காள் உழுவாள், தங்கை அறுப்பாள்.

தங்கை மெல்ல அருகில் வந்தாள். "அக்கா, இவருக்கு உடம்பு ரொம்ப வத்திப்போச்சு. இதோட நிறுத்திடேன்."

"உன் கட்டிலைப் பாத்துக்கிட்டுப் போடி."

அவள் போனதும் அக்காள் திரையை இழுத்துவிட்டு, உறைந்த பாட்டிலையே மாட்டினாள். சொட்டு இறங்கவில்லை, வடிகட்டி அடைத்துக்கொண்டது. பெரிய டாக்டர் வரும் நேரம். இன்னொன்றைக் கரைக்க அவளுக்குப் பொறுமை இல்லை. வடிகட்டியைக் கழற்றி எறிந்தாள்.

சொட்டு இறங்கியது. திரைக்குள் மருந்து நெடியும் மூத்திர வாடையும் கலந்து மூக்கை அடைக்க, மானிட்டரின் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு சொட்டும் கண்ணாடித் துண்டுகள் உரசுவதுபோல மெல்லிய ஓசையுடன் குழாயில் இறங்க, கட்டிலுக்கடியில் சிறுநீர்ப் பை உப்பிக்கொண்டே போனது. பை நிறைந்தது. தரையில் வழிந்தது. ஓர் உடம்பில் இவ்வளவு நீர் ஏது?

பெரியவரின் கன்னம் ஒட்டியது. உதடு வெடித்தது. அவள் பதறிக் குழாயை அடைத்தாள்.

சொட்டு நிற்கவில்லை.

ஊசியைப் பிடுங்கக் கை நீட்டினாள். மரப்பட்டை போன்ற கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. கண் திறந்துவிட்டார்! வெட்கமே இல்லாமல், ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

பிறகுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். ஈரமே இல்லை. இமையோரத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக, ஊசிகள்.

"தண்ணி," என்றார்.

அவர் பற்றிய இடத்தில் சில்லிட்டது. அவளுடைய நரம்பு வெளுத்து விறைத்து, அதே கண்ணாடி ஓசையுடன் முழங்கையை நோக்கி ஏறியது. தங்கையைக் கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம், தங்கை தன் நோயாளிக்குத் தம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.