ஏழாம் நம்பர் ஜெர்சி

குன்றாண்டார்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி இரண்டேகால். வெயில் மண்டையைப் பிளந்தது. பழைய கால்பந்துச் சாமான் வாங்க வந்திருக்கிறேன் என்று சொன்னால் எவனும் நம்பமாட்டான் என்பதால், டீக்கடையில் வழி கேட்டபோது இன்ஷூரன்ஸ் ஆள் என்று சொல்லிவைத்தேன்.

என் பெயர் அரவிந்த்குமார். புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை. அது வயிற்றுக்கு. என் பைத்தியத்துக்கு இன்னொரு தொழில் இருக்கிறது. பழைய ஜெர்சி, பூட்ஸ், கோப்பை, மெடல் என்று தேடிப் பிடித்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, போனில் நேரலையாக ஏலம் விடுவேன். கொல்கத்தாவிலிருந்தும் மலப்புரத்திலிருந்தும் முண்டியடித்துக்கொண்டு கேட்பார்கள். எவனோ வியர்த்துக் கழற்றிப் போட்ட பனியனுக்கு இந்த அடிதடியா என்று என் மனைவி மோகனப்ரியா தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்தத் தொழிலில் இரண்டு சட்டம். ஒன்று, துணியைத் துவைக்கக் கூடாது. கறையும் மண்ணும்தான் அதன் ஜாதகம். இரண்டாவது, காகிதம். இது இன்னாருடையது என்று காட்ட ஒரு போட்டோவோ கடிதமோ வேண்டும். அதை வாங்கிய இடத்திலேயே கேமரா முன்னால் சத்தமாகப் படித்து வீடியோ எடுத்துக்கொள்வேன். பதினோரு வருஷமாக இப்படித்தான். அந்தப் பழக்கம்தான் என்னை இந்த வினையில் கொண்டுபோய்த் தள்ளியது.

செல்வராணி என்று ஒரு பெண் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். மஞ்சள் ஜெர்சி, முதுகில் கையால் தைத்த ஏழு. மாநில மகளிர் அணி, 1992. அந்தக் காலத்தில் பெண்கள் பந்து ஆடியதே பலருக்குத் தெரியாது. அவர்கள் போட்ட ஜெர்சி எங்கே கிடைக்கப்போகிறது? எனக்கு அன்று இரவு தூக்கமில்லை.

வீடு ஊர்க்கோடியில் இருந்தது. ஓட்டு வீடு. போன மழையில் ஒரு பக்கச் சுவர் சரிந்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். செல்வராணி வாசலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"வாங்கண்ணே, இங்கிட்டு நிழல்ல ஒக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஜெர்சி அவளுடைய அக்கா பிரகதாம்பாளுடையது. பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகாமல் போன பெண் என்பதால் வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் அவள் துணி. வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பாவாடை சட்டை எடுத்துப் படைத்துவிட்டு, பழையதை வெளியே எடுத்து யாராவது சின்னப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். ஜெர்சியை மட்டும் எடுத்ததே இல்லை.

"வீடு இனித் தாங்காதுண்ணே. அம்மாவ இலுப்பூருக்கு, எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். எங்க மாமியா, இன்னொரு வீட்டுக் கன்னிப் பெட்டி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு. குப்பையில போட மனசு வரல. இதோட அருமை தெரிஞ்சவங்க கையில போகட்டும்னுதான் ஒங்களுக்குப் படம் அனுப்புனேன்."

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மா வந்தார். சொர்ணவல்லி. எழுபது தாண்டிய ஒடிசலான உடம்பு. என்னைக் கும்பிட்டார். பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒரு புதுப் பாவாடையை உள்ளே வைத்துவிட்டு, ஜெர்சியை எடுத்து என் கையில் கொடுத்தார். கொடுத்த கை அதை உடனே விட்டுவிடவில்லை.

"பத்திரமா வச்சுக்குவாங்களா தம்பி?"

"கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவாங்கம்மா."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்கு ஐந்து நிமிஷம். முகம் மாறிவிட்டது. "நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் செத்த நேரம் படுத்திருக்கேன். யாரும் உள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டார்.

"தெனமும் இப்படித்தான். மூணு மணியானா தனியாப் போய் ஒக்காந்து என்னமோ பேசிக்கிட்டு இருக்கும். வயசாயிருச்சுல்ல" என்றாள் செல்வராணி.

நான் ஜெர்சியை விரித்துப் பார்த்தேன். முழங்கைப் பக்கம் செம்மண் கறை அப்படியே இருந்தது. துவைக்கவே இல்லை.

"காகிதம் ஏதாவது இருக்கா? அவங்க ஆடுன சர்டிபிகேட், போட்டோ?"

செல்வராணி பெட்டியைத் துழாவினாள். அடியில் விரித்திருந்த பழைய பேப்பரைத் தூக்கியபோது, அதற்கும் கீழே ஒரு பழுப்புக் கவர். அவளே ஆச்சரியமாகப் பார்த்தாள். "இத நான் பாத்ததே இல்லையேண்ணே."

உள்ளே இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் இல்லை, பேராசையில். ஜெர்சிக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. போனை ஜன்னலில் சாத்தி வைத்து வீடியோவைத் தட்டினேன்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தூங்க வைக்கிற குரல்.

"வரலடா கண்ணு. இன்னைக்கும் வரல."

எனக்கு அது மனதில் உறைக்கவில்லை. ஏதோ புலம்பல் என்று விட்டுவிட்டேன்.

"என்னண்ணே போட்டுருக்கு?" என்றாள் செல்வராணி.

கேமராவுக்கும் அவளுக்கும் சேர்த்துத் தமிழில் உரக்கச் சொன்னேன். "செல்வி பிரகதாம்பாள் அவர்களுக்கு. இந்திய மகளிர் அணிக்கான பயிற்சி முகாமுக்கு நீங்கள் தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள். ஆகஸ்ட் மாதம் பத்தாம் தேதி காலை, பூட்ஸோடும் சீருடையோடும் பெங்களூர் வந்து சேரவும்."

உள்ளே பேச்சு நின்றது.

முற்றத்தில் கத்திக்கொண்டிருந்த அணிலும் நின்றது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. சிமெண்டுத் தரையில் கால்பந்து பூட்ஸின் அடிக்கட்டைகள் படுகிற சத்தம். டக். டக். டக். ஆயிரம் தடவை கேட்ட சத்தம், எனக்குத் தப்பாது.

ஒருக்களித்த கதவு திறந்தது. யாரும் வரவில்லை.

மழையில் நனைந்த மைதானத்தின் வாசனை மட்டும் வந்தது. புல், சேறு, வியர்வை. வெளியே தீயாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

டக். டக்.

சத்தம் என் பக்கத்தில் வந்து நின்றது. கையிலிருந்த கடிதத்தின் மேல் அனல் மாதிரி ஒரு மூச்சு பட்டது. காய்ச்சல்காரர்கள் மூச்சு அப்படித்தான் இருக்கும்.

யாரோ எழுத்துக்கூட்டிப் படிக்கிற நேரம் கழிந்தது.

அப்புறம் ஓட்டம். டக் டக் டக் டக் என்று வாசலைத் தாண்டி, படியிறங்கி, தெருப் புழுதியில் அமுங்கிப்போயிற்று. கொடியில் காய்ந்த துணிகள் ஒருமுறை விலகி ஆடின.

"பாவி மகளே, யாரு படிச்சது?" என்று உள்ளேயிருந்து அம்மா அலறினார்.

சொர்ணவல்லியம்மா உள்ளறைத் தரையில் கிடந்தார். மடியிலிருந்து நழுவியிருந்த துண்டு தலையளவுக்குக் குழிந்து, இன்னும் நிமிராமல் இருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

தண்ணீர் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்த பிறகு அவர் சொன்னார். செல்வராணிக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

"திருவரங்குளத்துலேர்ந்து நல்ல எடம் வந்துச்சு தம்பி. பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இந்த லெட்டர். தபால்காரர்தான் படிச்சுச் சொன்னாரு. அவர் வாயையும் சத்தியம் வாங்கி அடைச்சுட்டேன். கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்குவோம்னு நெனச்சேன். அவ என்னடான்னா தெனம் மூணு மணி பஸ்ஸுல தபால் பை வரும்னு வெயில்ல ஓடுவா, வெறுங்கையோட வருவா. காய்ச்சல்ல விழுந்தா. மூளைக்கு ஏறிருச்சு. சாகுற அன்னைக்கும் என் மடியில படுத்துக்கிட்டு லெட்டர் வந்துச்சாம்மான்னா. வரலடா கண்ணுன்னேன்."

அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை.

"பூட்ஸை அவ கூடவே வச்சு அனுப்புனோம். பதினாறாம் நாள் மூணு மணிக்கு வந்து மடியில தல வச்சா. அதே சூடு. அதையேதான் கேட்டா. முப்பத்து மூணு வருசமா தெனம் கேக்குறா, தெனம் வரலன்னு சொல்றேன். வந்துருச்சுன்னு சொன்னா எந்திருச்சுப் போயிருவாள்ல? எனக்கு அவ வேணும் தம்பி. பொய் சொல்லியாச்சும் வேணும்."

பதினோரு வருஷத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பொருளை வாங்கி வந்திருக்கிறேன். ஒரு வீட்டிலிருந்து ஒரு ஆளையே கிளப்பிவிட்டது அன்றைக்குத்தான். காலில் விழுந்தேன். அவர் என் தலையைத் தொட்டுவிட்டு, ஜெர்சியை மடித்து என் பைக்குள் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. அவ இல்லாத பெட்டியில இது எதுக்கு?"

கடிதத்தை மட்டும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வீடியோவை இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

இதற்கப்புறமும் ஏலம் விட்டாயா, வெட்கமில்லையா என்று நீங்கள் கேட்கலாம். விட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ள பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. கை மாற்றிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு. பட்டப்பகல். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, கடையில் நான் ஒருவன்தான். ஜெர்சியை இரண்டு கையாலும் கேமராவுக்குத் தூக்கிக் காட்டினேன். கேட்கிற விலை மளமளவென்று ஏறியது. கொல்கத்தாக்காரரும் கோழிக்கோட்டுக்காரரும் ஒருவரையொருவர் விடவில்லை.

மணி மூன்றானது.

மலப்புரத்தில் ஒருவர் எழுதினார். 'அந்தப் பெண்ணைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். நம்பர் தெரியவில்லை.'

எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை.

ஜெராக்ஸ் மெஷினின் மை வாடையை மீறி ஈரப் புல் வாசனை வந்தது. என் முதுகுக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று, கிட்டத்தில்.

என் வலது தோளில் ஒரு கை விழுந்தது. காய்ச்சல் கை. சட்டைத் துணியைத் தாண்டிச் சுட்டது.

"அண்ணே."

கிசுகிசுப்பு. பத்தொன்பது வயசுக் குரல், மூச்சு வாங்கியது.

"கேம்ப்புக்குக் கெளம்பிட்டேன்னு எங்கம்மாட்ட சொல்லிராதீங்க. லெட்டர் வந்ததே அதுக்குத் தெரியாது. தெரிஞ்சா ரொம்ப அழும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பயத்தை மீறி இந்தப் பிள்ளையை நினைத்து நெஞ்சு வெடித்தது. அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பத்து மூன்று வருஷம் கழித்தும் அம்மா அழக் கூடாது என்கிறாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஏலம் அறுந்து, திரையில் செல்வராணியின் நம்பர். எடுத்தேன். நேரலைக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்ததை அணைக்கத் தோன்றவில்லை.

"தம்பி, சொர்ணவல்லி பேசுறேன். இலுப்பூருக்கு வந்துட்டேன். தெனமும் மூணு மணிக்கு மடியில துண்ட விரிச்சு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அவ வரல. துணி ஒங்ககிட்டதான இருக்கு. அங்கிட்டு வந்தாளா?"

வந்துட்டா, இந்தா என் பக்கத்துலதான் நிக்கிறா, ஒங்க மேல கோவமே இல்லம்மா என்று கத்த வாயைத் திறந்தேன். தோளில் இருந்த கை அழுத்தியது. வேண்டாம் என்கிற அழுத்தம்.

"வரலம்மா" என்றேன்.



"சரி தம்பி. என்னைக்காச்சும் வந்தா சொல்லிருங்க. லெட்டர நான்தான் மறைச்சேன்னு சொல்லிருங்க. நானே சொல்ல எனக்குத் தைரியம் வரல."

போன் வைக்கப்பட்டது.

என் தோளில் இருந்த கை நடுங்க ஆரம்பித்தது.

ஜெர்சியை நான் விற்கவில்லை. கடையில் என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவள் பெங்களூருக்கும் போகவில்லை, இலுப்பூருக்கும் போகவில்லை. தினமும் மூன்று மணிக்கு அந்தக் கை வந்து என் தோளில் உட்காரும். அம்மாட்ட போயிரும்மா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை. மூன்று ஐந்துக்கு இலுப்பூரிலிருந்து போன் வரும். நான் ஸ்பீக்கரில் போடுவேன். வந்தாளா என்பார், வரலம்மா என்பேன். அம்மாவின் குரல் கேட்டு முடிகிற வரைக்கும், அந்தக் கை என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.