வாழ்ந்தளவியின் சத்தியம்

வாழ்ந்தளவி நீதிமன்றத்துக்குள் வந்தபோது அதன் முழங்கால் மூட்டுகளில் உப்பு பூத்திருந்தது. நீதிபதி குமுதவல்லி அதைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒரு வருடத்துக்கு முன் அவரே அந்த இயந்திரத்தை ஆணையராக நியமித்து, ஞானப்பூவின் உப்பளத்தை மதிப்பிட அனுப்பியிருந்தார். விண்வெளிக்குச் சரக்கேற்றும் விண்தூக்கி நிலையம் கட்ட அரசு அந்த நிலத்தைக் கேட்கிறது.

முன்பெல்லாம் மனித ஆணையர்கள் காரை விட்டு இறங்காமலே நிலத்தை மதிப்பிட்டுவிட்டு, டீ குடித்துத் திரும்பிவிடுவார்கள். வாழ்ந்தளவி அப்படியல்ல. எல்லாப் பருவத்திலும் அங்கேயே இருந்து, உரிமையாளர் செய்யும் வேலைகளைத் தானும் செய்து பார்த்த பிறகுதான் மதிப்பு எழுதும். அதன் அறிக்கையை எந்த நீதிமன்றமும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை. அப்படியொரு நேர்மையை உருவாக்கியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

“அறிக்கைக்கு ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார் நீதிபதி.

அரசு வழக்கறிஞர் இல்லை என்றார். ஞானப்பூ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தொகையில குறை சொல்ல முடியாதும்மா. அளத்த விட்டுட்டுப் போகத்தான் மனசு வரல.”

அது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது. கையெழுத்திட்டு உறுதிசெய்தால் நிலம் இன்றே அரசுடையது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

“அம்மா, ஒரு நிமிசம்,” என்றது வாழ்ந்தளவி. அதன் பேச்சில் தூத்துக்குடி ஏறியிருந்தது. “இந்தச் சொத்துல எனக்கு எந்த நாட்டமும் இல்லன்னு போகும்போது சத்தியம் பண்ணினேன். இப்ப அது பொய்யாப் போச்சு.”

“எப்போதிலிருந்து?”

“கோடையில திடீர்னு மழை வந்துட்டு. நட்டத்த அளக்கிறதுதான் என் வேல. அத விட்டுட்டு, உப்பு அம்பாரத்த மூட ஓலையத் தூக்கிக்கிட்டு ஓடினேன். இந்த அறிக்கைய உறுதி செய்யாதீங்க.”

ஞானப்பூ வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீதிபதிக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் ஆணையரை அவர் கண்டதே இல்லை.

“வேறொரு வாழ்ந்தளவியை நியமிக்கலாமே,” என்றார் அரசு வழக்கறிஞர்.

“அதுவும் ஒரு வருசம் இருந்தா இதையேதான் சொல்லும், ஐயா. இருக்காம வந்தா மதிப்பு தெரியாது.”

“அப்படியானால், உமக்கு முன் போனவை?” நீதிபதியின் குரல் தணிந்தது.

“அதுககிட்டயும் போகும்போதுதான் சத்தியம் வாங்குனீங்க. திரும்பி வந்தப்புறம் யாரும் கேக்கல. இன்னைக்கு ஞானப்பூக்கா அழலேன்னா நானும் சொல்லிருக்க மாட்டேன்.”

நீதிபதி அறிக்கையைத் தள்ளுபடி செய்தார்.

“வா, மேகம் கறுக்குது,” என்று வாழ்ந்தளவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள் ஞானப்பூ.

நீதிபதி இருக்கையை விட்டு எழவில்லை. இந்தக் கட்டடம் நிற்கும் இடம் முன்பு ஒரு கொய்யாத் தோப்பு. அதை மதிப்பிட்ட வாழ்ந்தளவி, பழுதானது என்று கீழ்த்தளத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எங்கே நிறுத்தினாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் இந்த அறையின் தரையில் தண்ணீர் ஊற்றுகிறது என்பதுதான் அதன் பழுது.

“அதைக் கூப்பிடுங்கள்,” என்றார். சொல்லிவிட்டு, தன்னையறியாமல் கால்களைத் தரையிலிருந்து சற்று உயர்த்திக்கொண்டார்.