தப்பு என்று சொல்ல ஓர் ஆள்

கடலடி நிலையத்தில் காலை ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள், நீராடை மாட்டுவதற்கு முன் சுவர்த்திரையின் எதிரே நின்று தங்கள் அறச்சாசனத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். எட்டு மாதமாக ஜெரோம் ஒரு வரியில் தடுமாறிக்கொண்டிருந்தான். “என் உயிரை முதலில் காப்பேன். பிறர் உயிர் அதற்குப் பிறகுதான்.” வாசித்து முடித்ததும் திரை பச்சையாகும். கதவு திறக்கும்.

பதினெட்டு வயதில், சாசனப் பதிவக வரிசையில் முன்னால் நின்றவனைப் பார்த்து எழுதிய வரி அது. எல்லோருக்கும் பொதுவான சரி, தவறு என்று நாட்டில் எதுவும் கிடையாது. அதை வைத்துத்தான் பழைய காலத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரவர் எழுதிய சாசனமே அவரவருக்குச் சட்டம்.

மார்கழியில் ஒருநாள் நான்காம் சுரங்கத்தில் நீர் புகுந்தது. தடுப்புக்கதவின் இந்தப் பக்கம் ஜெரோம் நின்றான். பத்து வருடமாக அவனோடு ஒரே ஷிப்டில் இறங்கிய சூசைமாணிக்கம் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். பத்து நொடி பொறுத்திருந்தால் போதும். ஜெரோம் கதவை அடைத்தான். கண்ணாடிக்கு அப்பால் அவர் கதவைத் தட்டக்கூட இல்லை. நீர் தலையை மூடும்வரை அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

விசாரணைக் குழு கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டது. ‘சாசனத்தோடு ஒத்திசைவு நூற்றுக்கு நூறு. தவறு ஏதும் நிகழவில்லை.’

எட்டு மாதம் கழித்து ஜெரோம் பதிவகத்துக்குப் போனான். “சாசனத்தை மாத்தி எழுதணும் சார்.”

“தாராளமா எழுதுங்க. ஆனா இன்னையிலேருந்துதான் செல்லும். நடந்ததுக்குச் செல்லாது.”

“எனக்குத் தண்டனை வேணும்.”

அதிகாரி இரக்கத்தோடு நிமிர்ந்து பார்த்தார். “எதை மீறினதுக்கு?”

அன்று சாயங்காலமே சூசைமாணிக்கத்தின் மனைவி புஷ்பத்தின் வீட்டுக் கதவைத் தட்டினான். இந்த எட்டு மாதத்தில் அவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லோருக்கும் இருப்பதுபோல அவள் மணிக்கட்டிலும் செவிவளை இருந்தது. தன் அளவுகோலால் இன்னொருவரை அளந்து பேசுவதற்கு அறத்திணிப்பு என்று பெயர். எல்லோருக்கும் பொதுவான ஒரே குற்றம் அதுதான். ஆறு மாதம் தனிச்சிறை. செவிவளை அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

“மைனி, நான் பத்து நொடி பொறுத்திருக்கலாம்.”

“தெரியும். கேமராப் பதிவைக் காட்டுனாங்க.”

“ஏதாவது சொல்லுங்க.”

“உன் சாசனப்படி நடந்துக்கிட்ட.”

“அதைச் சொல்லாதீங்க மைனி. ஊரே அதைத்தான் சொல்லுது. எந்தப் பக்கம் போனாலும் பச்சை வெளிச்சம்தான் எரியுது. மூச்சு முட்டுது எனக்கு.”

புஷ்பம் கையிலிருந்த மீனை ஆய்ந்து சட்டியில் போட்டாள். பிறகு கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நீ செஞ்சது தப்பு, ஜெரோம்.”

வளை சிவந்தது. அவள் நிறுத்தவில்லை.

“எனக்குத் தப்பு, உனக்குச் சரின்னு கெடையாது. யார் செஞ்சாலும் தப்புதான். அவரு உன்னை நம்பி ஓடி வந்தாரு. நீ பாத்துக்கிட்டே அடைச்ச.”

ஜெரோம் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அழுகை அடங்கும்போதுதான் அந்தச் சிவப்பு அவன் கண்ணில் பட்டது. “ஐயோ மைனி, என்னால உங்களுக்கு...”

“உனக்காக ஒண்ணும் சொல்லல. எட்டு மாசமா என் நெஞ்சுக்குள்ள கெடந்தது.”

காவலர் இருவர் வந்தார்கள். “நான்தான் சொல்லச் சொன்னேன், என்னைப் பிடிங்க” என்று ஜெரோம் குறுக்கே நின்றான். ஒருவர் கைத்திரையில் அவன் சாசனத்தைத் தேடிப் பார்த்தார். “உங்க மேல தவறு எதுவும் இல்லையே” என்று மரியாதையாக ஒதுக்கினார்.

புஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினாள். “மிச்ச மீனை ஆஞ்சு வை, கெட்டுப்போயிடும். ஆறு மாசத்துல வந்துருவேன். அன்னைக்கு நீ இங்க இருக்கணும். நான் இன்னும் சொல்லி முடிக்கல.”

கதவு சாத்திக்கொண்டது. ஜெரோம் சட்டியின் முன்னால் உட்கார்ந்து ஒரு மீனை எடுத்தான். உயிரோடு இருப்பதற்கு இப்போது அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் சொல்லப்போகும் மிச்சத்தைக் கேட்க வேண்டும்.