திசை மாறிய யானை

சேதுராமன் ஒரு பித்தளைத் தூக்குச் சட்டியோடு படியேறி வந்து, அதை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு போன் கிடந்தது.

“பித்தளைக்குள்ள போட்டுட்டா அதுக்குக் காது கேக்காதாம். பன்னெண்டு மணிக்குள்ள இதோட பூட்ட ஒடச்சித் தரணும் ஐயா.”

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் திருத்தும் கடையொன்றின் மாடியில் இருந்தது நவரட்ணராஜாவின் துப்பறியும் அலுவலகம். முப்பது வருடம் ஊராருக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுத்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் அவர். கீழ்க்கடை ரிஸ்மி அவருக்கு உதவியாளர். தொழில்நுட்பச் செய்தி ஒன்றையும் விடாமல் வாசிப்பவன். எந்த ஆப் கேட்டாலும் ‘சம்மதம்’ என்ற பொத்தானை மட்டும் வாசிக்காமலே அமுக்குபவன்.

“நான் செல்லல்லயா சேர்? எல்லா போனும் கேட்டுட்டே ஈக்கி!” என்றான் ரிஸ்மி. “நேத்து மனுசிக்கிட்ட குக்கர் வாங்கணும்னு செல்லி வாய் மூடல்ல, குக்கர் விளம்பரம் வந்துட்டு.”

“மூண்டு நாளாய் அந்தக் குக்கரைத் தேடினது நீங்கள்தானே, ரிஸ்மி. போன் ஒட்டுக்கேக்கத் தேவையில்லை, நீங்களே சொல்லிப்போட்டியள்.” நவரட்ணராஜா வந்தவர் பக்கம் திரும்பினார். “போன் ஆருடையது?”

“என்னுது.” குரல் வாசலிலிருந்து வந்தது. மடித்த குடையோடு ஓர் இளம் பெண் நின்றாள். “தனுஜா. தெல்தோட்டை. முதலாளி கடையில நாலு வருஷமா வேல செய்றேன்.”

“செஞ்சா,” என்று திருத்தினார் சேதுராமன்.

பிலிமத்தலாவையில் அவருக்குப் பித்தளைக் கடை. எதிர்ச்சாரியில் மோகனராஜின் கடை. ஒரே வருடம் திறந்த கடைகள்தான். ஆனால் சுற்றுலா பஸ்கள் மோகனராஜ் பக்கமே நிற்கின்றன. அந்த பஸ்களின் நிறத்தைக்கூடச் சேதுராமன் மனப்பாடமாகச் சொன்னார். இப்போது அவர் புதிதாக வார்ப்பித்த பெரஹரா ஊர்வல யானைத் தட்டைக் கடையில் வைப்பதற்கு முன்பே, அதே மாதிரி ஒன்று எதிர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஏறிவிட்டது.

“பின்னறைல பூட்டி வச்சிருந்தேன். உள்ள போறது நானும் இவளும் மட்டும்தான். கடையோட இணையப் பக்கத்துக்குப் படம் எடுக்கிறது இவ. போனத் தொறந்து காட்டுன்னா மாட்டேங்கிறா. பன்னெண்டு மணிக்கு போன்ல இருக்கிற வர்த்தகர் குழுவுல இவ படத்தப் போடப்போறேன். அப்புறம் கண்டி வரைக்கும் எந்தக் கடைலயும் இவளச் சேக்க மாட்டாங்க.”

“பூட்டு வைச்சதாலயே ஒருத்தர் கள்ளர் ஆக ஏலாது. உங்கட கடைக்கும் பூட்டு இருக்குத்தானே?”

சேதுராமன் இரண்டு நிமிடத்தில் மூன்றாவது தடவையாகத் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவசரமோ?”

“சும்மா... டெய்லி ஸ்டேட்டஸ்ல காலை வணக்கம் போடுவேன். யாரு யாரு பாத்தாங்கன்னு பாக்கிறது. இந்த மோகன் மட்டும் ரெண்டு வருஷமா ஒரு நாள்கூடப் பாக்கல. அவ்வளவு திமிரு!” என்றவர் தன் அட்டையை நீட்டினார். அதில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நவரட்ணராஜா அட்டையைப் பார்த்தார். பிறகு அவருடைய சட்டையைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“போனை உடைக்க வேண்டாம். வாங்கோ, யானையைப் பாப்பம்.”

பத்தரைக்குப் பிலிமத்தலாவையில் இருந்தார்கள். சேதுராமனின் தட்டில் யானை வலப்பக்கம் நோக்கி நடந்தது. அதன் பின்கால்களுக்குப் பின்னே, இடது மூலையில், தீப்பந்தம் பிடித்த ஓர் ஆள். வீதியைக் கடந்து போய்ப் பார்த்தால், மோகனராஜின் யானை இடப்பக்கம் நடந்தது. பந்தக்காரன் நிற்கவேண்டிய வலது மூலையில் வெறும் பூக்கொடி வேலைப்பாடுதான் சுற்றிக் கிடந்தது.

“களவத் தெரியாமப் பண்ணத்தான் திருப்பி ஈக்கான்!” என்று கிசுகிசுத்தான் ரிஸ்மி.

“ஒளிக்கிறவன் முகபடாமைக் கொஞ்சம் மாத்துவான், மணியைக் கூட்டிக் குறைப்பான். இதில ஒவ்வொரு மணியும் அப்பிடியே இருக்குது. ரிஸ்மி, பலகையில இருக்கிற மோகனராஜின்ர நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்கோ, யானைத் தட்டு இருக்கோ எண்டு.”

அரை நிமிடத்தில் பதில் வந்தது: ‘இருக்கு, வாங்க.’

“இப்ப, நீங்கள் அனுப்பினதுக்குக் கீழ இருக்கிற சரிக்குறியைப் பாருங்கோ.”

ரிஸ்மி பார்த்தான். பதிலே வந்துவிட்டது, ஆனால் குறி நீலமாகவில்லை. “வாசிச்சதக் காட்டாம மறச்சி வெச்சீக்கார் சேர்.”

“சரி. அவரையும் அங்கால கூட்டிக்கொண்டு வாங்கோ.”

பதினொன்றே முக்காலுக்குச் சேதுராமனின் கடையில் நால்வரும் நவரட்ணராஜாவைச் சுற்றி நின்றார்கள். இரண்டு முதலாளிகளும் ஆளுக்கொரு கதிரையைப் பிடித்துக்கொண்டு, உட்காருவதில் யார் முந்துவது என்று பார்த்திருந்தார்கள்.

“தனுஜா பிள்ளை பின் கமராவால எடுக்கிறவ,” என்று தொடங்கினார் நவரட்ணராஜா. “அந்தப் படத்தைப் பாத்துச் செய்திருந்தால் யானை வலப்பக்கம் போயிருக்கும். பந்தக்காரனும் நிண்டிருப்பான். ஆனால் எதிர்க்கடை யானை கண்ணாடியில தெரியிற யானை. அப்பிடி இடம் வலமாய் மாத்திப் படம் காட்டுறது முன் கமரா. தன்னைத் தானே எடுக்கிறவற்ற கமரா.”

“இந்தக் கடைல அப்பிடி யாரு எடுக்கிறா?” என்றார் சேதுராமன்.

நவரட்ணராஜா அட்டையை மேசையில் வைத்தார். “உங்கட சட்டைப்பை எந்தப் பக்கம்?”

சேதுராமன் குனிந்து பார்த்தார். “இடது.”

“அட்டையில?”

வலது மார்பில் இருந்தது சட்டைப்பை. சேதுராமனின் கை மெல்ல அதைத் தேடி அங்கே போய், வெறும் துணியைத் தொட்டது.

“தட்டு வந்த கிழமை, பின்னறையில நிண்டு காலை வணக்கம் எடுத்தனீங்களோ? உங்கட போனைத் திறந்து தாங்கோ.”

“என் போனா?” சேதுராமன் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். “அதுல சொந்த விஷயமெல்லாம் இருக்கு ஐயா!”

தனுஜா அவர் முகத்தையே பார்த்தாள்.

“எனக்கு வேண்டாம். நீங்களே பாத்து, அந்தப் படத்தை மட்டும் காட்டுங்கோ.”

அவர் தேடினார். தேடிய விரல் ஒரு படத்தில் நின்றது. பின்னறை. இடப்பக்கம் நடக்கும் யானைத் தட்டு. அதன் வலது கீழ் மூலையை மறைத்துக்கொண்டு, எண்ணெய் வைத்து வாரிய சேதுராமனின் தலை.

“பந்தக்காரன் நிண்ட இடத்தில உங்கட தலை,” என்றார் நவரட்ணராஜா. “காணாததை மோகனராஜ் எப்பிடிச் செய்யிறது? கொடியைப் போட்டு நிரப்பிப்போட்டார்.”

“இவன் என் ஸ்டேட்டஸப் பாக்கிறதே இல்லயே!”

“வாசிச்சதை மறைச்சு வைக்கிறவற்ற பேர், ஸ்டேட்டஸ் பாத்த ஆக்களின்ர வரிசையிலயும் வராது. இல்லையோ மோகனராஜ்?”

மோகனராஜ் தொண்டையைச் செருமினார். “காலைல எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் பாப்பேன். புதுசா என்ன வச்சிருக்கான்னு தெரியாட்டி எனக்குத் தேத்தண்ணி எறங்காது.”

“தெனமுமா?” சேதுராமனின் கண்கள் விரிந்தன. யானை போனதை அவர் ஒரு கணம் மறந்தேவிட்டார். “ஒரு நாள்கூட விடாமயா?”

“தீபாவளிக்குக்கூட.”

நவரட்ணராஜா தூக்குச் சட்டியிலிருந்து போனை எடுத்துத் தனுஜாவிடம் கொடுத்தார்.

“சரி, போம்மா, கல்லாவுல நில்லு,” என்றார் சேதுராமன். “நடந்தது நடந்துபோச்சு.”

அவள் நகரவில்லை. “கடையில வேல செய்ற ஆள்தான் களவெடுத்திச்சுன்னு காலைலயே குழுவுல போட்டுட்டீங்க முதலாளி. பேரு மட்டுந்தான் பாக்கி. கடைல நான் ஒருத்திதான். நூத்திப் பன்னெண்டு பேருக்கும் அது யாருன்னு தெரியும். இப்ப உண்மையையும் போடுங்க.”

“‘தவறு நடந்துவிட்டது’ன்னு போட்டுட்றேன்.”

“யாரோட தவறுன்னு?”

“‘கடையின் தவறு.’ இதுக்கு மேல கேக்காதே.”

“‘என் தவறு.’ இதுக்குக் கீழ நான் எறங்க மாட்டேன்.”

நாலு வருடம் அவர் பேரம் பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். சேதுராமன் கதிரையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். அப்போது மோகனராஜ் மெதுவாக வாயைத் திறந்தார்.

“நீ வாம்மா நம்ம கடைக்கு. இன்னைக்கே வா. நாலு வருஷ அனுபவம்...”

“மறைஞ்சிருந்து பாக்கிறவர் கடைக்கா?” என்று அவள் கேட்டு முடிக்கவில்லை, சேதுராமன் போனை எடுத்துவிட்டார். பஸ்கள் போனது போதாதென்று இவளுமா? கட்டை விரல் பறந்தது. நவரட்ணராஜா எதற்காக எதிர்க்கடைக்காரரையும் கூட்டிவரச் சொன்னார் என்பது ரிஸ்மிக்கு அப்போதுதான் விளங்கியது.

சேதுராமன் எழுதியதைத் திருப்பிக் காட்டினார். தனுஜா நின்றபடியே, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். யானைத் தட்டின் படத்தை ஊருக்குக் காட்டியது நான்தான், என் தவறு, தனுஜா குற்றமற்றவர்.

“பேருக்கு முன்னால ‘செல்வி’ போடுங்க.”

போட்டார்.

“இப்ப அனுப்புங்க.”

அனுப்பினார்.