பதினேழாவது பெட்டி

தினமும் காலையில் நினைவுக்கோப்புகளைத் தரவிறக்குவது ஜெசிந்தாவின் வேலை. மேட்டுநகர் உறக்கக்கூடத்தில் உடல்கள் குளிர்ப்பெட்டிகளில் கிடக்கும். அவற்றின் நினைவுகள் கீழே, கடற்கரை சர்வரில் இருக்கும். எழுப்பும் நாளில் கோப்பை மேலே கொண்டுவந்து உடலில் ஊற்றுவார்கள். ஊற்றிய கையோடு கோப்பு அழிந்துவிடும். ஓர் உயிருக்கு ஒரு பிரதிதான், அது சட்டம்.

அன்றைக்கு நாற்பத்தொரு பேர், அத்தனை பேரும் கடல் விழுங்கிய கருவேலங்கரைக்காரர்கள். ஊர் போய்விட்டது, பெயராவது நிற்கட்டும் என்று ஆளாளுக்குத் தங்கள் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைப் போட்டுக்கொண்ட ரோஷக்கார சனம். ஜெசிந்தாவுக்கும் அதே ஊர்தான். பதினேழாவது பெட்டியில் அவள் புருஷன் கிளாட்வின் ஒன்பது வருடமாகக் கிடக்கிறான். பதினாறில் அவனுடைய படகுக் கூட்டாளி லூர்து.

கடற்கரை சர்வர் எவ்வளவு நீளமான பெயரையும் தாங்கும். மேட்டுநகர் இயந்திரமோ ஓட்டைக் கிழடு. யாருடைய பெட்டி என்று அறிய, பெயரின் முதல் ஆறு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறியும். ஒரே மாதிரி வந்தால் வந்த வரிசைப்படி எண் போட்டு, அந்த எண்ணுள்ள பெட்டிக்கே அனுப்பும். கருவேலங்கரைக்காரர்களுக்கு ஊர்ப்பெயரைத் தாண்டி ஓரெழுத்துகூட மிஞ்சாது.

பட்டியலில் உள்ள பெட்டி வரிசையை மாற்றாதே என்று மேலாளர் தலைபாடாய் அடித்துக்கொள்வார். ஏன் என்று மட்டும் சொன்னதில்லை. மற்ற நாட்களில் பல ஊர்ப் பெயர்கள் கலந்து வரும். வரிசை மாறியும் ஒன்றும் ஆனதில்லை. அன்று காலையிலிருந்து இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. பாதியில் நின்றுபோனால் தன் ஆள் கீழேயே தங்கிவிடுவானே என்று பட்டியலில் அவன் பெயரைத் தேடினாள். ஒரு பெயரை முன்னால் இழுத்தால் என்ன குடியா முழுகிவிடும்? கிளாட்வினை முதலில் தரவிறக்கினாள்.

நாற்பத்தொன்றையும் ஒரே நேரத்தில் ஊற்றினார்கள். முதல் பெட்டியில் இருந்த கிழவர் மரியசூசையின் இதயம் சட்டென்று நின்றது. வயதான உடம்பு, தாங்கவில்லை என்றார்கள். ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நல்லவேளை, நம்ம ஆள் இல்லை என்று நினைத்ததற்கு வெட்கப்பட்டாள்.

பதினேழாவது பெட்டியில் கண் திறந்தது. அவள் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவன் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டான்.

"தங்கச்சி, லூர்து அண்ணன்மா. நல்லாருக்கியா?" என்றது கிளாட்வினின் வாய். "கிளாட்வின் எந்திச்சிட்டானா?"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். முதல் பெட்டியை வெள்ளைத்துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். திரையில், நாற்பத்தொரு கோப்புகளும் அழிக்கப்பட்டன என்று வந்திருந்தது.